பெரகலச் சந்தியில் நின்ற ஆம்புலன்ஸ்

இரண்டு பேரைப் பற்றி ஒரே அலுவலகத்துக்கு நான் இரண்டு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். முதலாவது, அவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி. இரண்டாவது, அவர்களைப் பாராட்டச் சொல்லி. இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதம். இரண்டும் நான் கைப்பட எழுதியவைதான், இரண்டிலும் ஓர் எழுத்துப்பிழை கிடையாது. முதலாவதை ஒரே இருப்பில் எழுதி முடித்தேன். இரண்டாவதற்கு நான்கு நாள் பிடித்தது. அந்த ஆம்புலன்ஸ்காரர் இருவருக்கும் பதுளையில் ஒரு சின்னக் கூட்டம் வைத்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். கொடுக்கும்போது மேடையில் வாசித்தது என்னுடைய இரண்டாவது கடிதத்தை. எல்லோரும் கைதட்டினார்கள். முதலாவதைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. சரி, நானே சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் கொஸ்லந்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்தில், ஆபீஸுக்குப் பின்பக்கத்துத் தொழிலாளர் லயத்தில்தான். லயத்தில் பிறந்தவன் ஆபீஸுக்குள் மேசை போட்டு உட்காருவது எங்கள் தோட்டத்தில் அதுவரை நடக்காத காரியம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, என்னைத் தூக்கி வளர்த்த சனமெல்லாம் என்னை ஐயா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. என் சின்னம்மாவும் அப்படித்தான். அம்மாவின் தங்கை அவள். அம்மா செத்த பிறகு எனக்குச் சோறு போட்டவள் அவள்தான். வீட்டில் என்னை 'டேய்' என்பாள், ஆபீஸ் வாசலில் 'ஐயா' என்பாள். முதல் தடவை அவள் அப்படிக் கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் மாதம் பழகிவிட்டது. ஆறாம் மாதம், ஆபீஸில் யாராவது வாய்தவறித் 'தம்பி' என்றால் நிமிர்ந்து பார்க்காமல் இருக்கும் அளவுக்கு நான் தேறியிருந்தேன்.

எங்கள் தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் துண்டு வேண்டும். உள்ளங்கை அகலத் தாள். இன்னார், இன்ன பதிவு நம்பர், இன்ன நோவு, இத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறார் என்று டிஸ்பென்சரி ஐயா எழுதிக் கொடுப்பது. ஒரு காலத்தில் தோட்டத்து லொறி அந்தத் துண்டைப் பார்க்காமல் நகராது. துண்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தால், வேலைக்கு டிமிக்கி கொடுத்ததாகத்தான் கணக்கு. பிறகு லொறி நின்று ஆம்புலன்ஸ் வந்தது. போன் பண்ணினால் யார் வாசலுக்கும் வரும், வந்து யாரிடமும் எந்தத் தாளும் கேட்காது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் துண்டு மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை. இடுப்பு வலி கண்ட பெண் டிஸ்பென்சரி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு துண்டுக்காகக் காத்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அவளை நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை. நிற்கவேண்டாம் என்று சொன்னவரும் இல்லை.

டிஸ்பென்சரி ஐயா லீவில் போகும் நாளில் அந்தத் துண்டை நான் எழுதவேண்டும், உதவி மேனேஜரான சின்னதுரை ஒப்பம் வைக்கவேண்டும். ஒப்பம் இல்லாத துண்டு வெறும் காகிதம் என்று பல பேருக்கு நான் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

அன்றைக்கு டிஸ்பென்சரி ஐயா லீவு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து பெண்கள் ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். மலையின் மேல்புறத்தில் ஒரு பெரிய மரத்தில் குளவிக்கூடு இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதை எடுக்கச் சொல்லி நானே இரண்டு தடவை கடிதம் தட்டியிருக்கிறேன். ஏதோ ஒரு பறவை கொத்தியதோ, காற்றோ, கூடு கலைந்துவிட்டது. பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். செடி கிழிக்காமல் சின்னம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கு தேயிலைச் செடியில் மாட்டிக்கொண்டது. அவள் அதை அவிழ்த்துவிட்டு ஓடுவதற்குள் தலையும் கழுத்தும் முதுகும் கொட்டு வாங்கிவிட்டன. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு கொட்டுத்தான். டிஸ்பென்சரி பூட்டியிருந்ததால் அவளை ஆபீஸ் வாசலுக்குத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அப்போது மணி பத்தே முக்கால்.

அவளைப் படியில் உட்கார வைத்தார்கள். முகம் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தது. கூட வந்த அக்கா ஒருத்தி, லயத்தில் சின்னம்மாவுக்குப் பக்கத்துக் காம்பராக்காரி, என்னிடம் சொன்னாள்: "ஐயா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிருங்கய்யா."

"சொல்லுவோம். மொதல்ல துண்டப் போட்டுக்குவோம்" என்றேன்.

துண்டுப் புத்தகத்தை எடுத்தேன். எழுத வேண்டியதையெல்லாம் எழுதினேன். அவசரம் என்பதற்காகக் கோணல்மாணலாக எழுதவில்லை, வழக்கம்போல் அழகாகத்தான் எழுதினேன். எழுதிய துண்டை எடுத்துக்கொண்டு கீழே பேக்டரிக்குப் போனேன். சின்னதுரை மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசும்போது குறுக்கே போகும் வழக்கம் எங்களுக்கில்லை. படியோரம் நின்றேன். பேசி முடித்துத் துண்டைப் பார்த்தவர், "என்ன மிஸ்டர், இன்னும் அனுப்பலையா?" என்று கேட்டுக்கொண்டே ஒப்பம் வைத்தார். நான் திரும்பி ஏறி வந்து, துண்டை மேசையில் கல் வைத்து அமுக்கிவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். பண்ணி முடித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கிளாக்கர் புத்தி. பதினொன்று இருபத்தைந்து.

நாற்பது நிமிடம். எனக்குச் சின்னம்மா என்றால் உயிர். பேக்டரிக்குப் பாதி ஓட்டமாகத்தான் போனேன், ஏறி வரும்போது மூச்சு வாங்கியது. ஆனால் அந்த நாற்பது நிமிடமும் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் இருபத்திரண்டு நிமிடத்தில் வந்தது. எங்கள் தோட்டத்து ரோட்டைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். அதில் இருவர். சாரதியை எல்லோரும் டிரைவர் அண்ணன் என்றார்கள். பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர், எங்கள் பேச்சுத்தான். மற்றவர் ஒரு சிங்களப் பெண், மொனராகலைப் பக்கம் கரும்புக் காட்டு ஊர்க்காரர், சிகிச்சை பார்க்கிறவர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தோட்டத்தில் படித்த பெண் யார் வந்தாலும் மிஸ்தான், அவரும் மிஸ் ஆனார். நான் துண்டை நீட்டிக்கொண்டு எதிரே போனேன். அவர் அதை வாங்கவே இல்லை. "பிறகு, பிறகு" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்ப் படியில் முழந்தாளிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. முதலில் சின்னம்மாவைப் படியிலிருந்து இறக்கிப் படுக்க வைத்தார். காலை உயர்த்தினார். கத்தரிக்கோலால் பாவாடையையும் அதற்குள் போட்டிருந்த பழைய காற்சட்டையையும் தொடைவரை வெட்டி ஊசி போட்டார். பதற்றமோ பரபரப்போ அவரிடம் இல்லை, ஒரு வேலை முடியும்போது அடுத்த வேலை தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். டிரைவர் அண்ணன் அதற்குள் ஒக்சிஜனைக் கொண்டுவந்துவிட்டார். கொண்டையை அவிழ்த்தபோது உள்ளே ஒரு குளவி உயிரோடு இருந்தது. கூடி நின்ற நாங்கள் எல்லோரும் பின்னால் பாய்ந்தோம். மிஸ் அதை உறை போட்ட இரண்டு விரலால் நசுக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, கையில் ஊசி ஏற்ற நரம்பு தேடினார்.

சின்னம்மாவின் விரல் வீங்கி மோதிரம் உள்ளே புதைந்திருந்தது. வெட்டத்தான் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மிஸ் ஒரு நூலை எடுத்து விரலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, மோதிரத்துக்குக் கீழே நுனியைக் கொடுத்து, மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி அதைக் கழற்றினார். கழற்றியதைத் தன் பையில் போடவில்லை, என்னிடமும் கொடுக்கவில்லை. சின்னம்மாவின் தலைத்துண்டு முனையில் முடிந்து, அதை அவள் மற்றக் கையில் கட்டிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனால் நகை காணாமற்போகும் என்று எங்கள் பெண்களுக்கு ஒரு பயம் உண்டு. அந்தப் பயம் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்போது யோசிக்க எனக்கு நேரமில்லை.

வண்டியில் ஏறுவதற்கு ஆறு பேர் தயாராக நின்றோம். ஒருவர் போதும் என்றார்கள். என்னைப் பின்னால் ஏற்றாமல் முன்னால் டிரைவர் அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மிஸ் போனில் டாக்டரோடு பேசினார், நேரே தியத்தலாவை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்களாம். பெரகல ஏற்றம் முழுவதும் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. அவருடைய தமிழ் இருபது முப்பது சொல்லுக்குள் அடங்கியது. "மூச்சு எடுங்க அம்மா. தூங்க வாணாம். பேர் என்ன? பேர் சொல்லுங்க." சின்னம்மா ஏதோ பதில் சொன்னாள். அது எனக்குக் கேட்கவில்லை. மறுபடியும், "பேர் என்ன அம்மா? பேர் சொல்லுங்க."

பெரகலச் சந்திக்கு வந்தபோது அந்தக் குரல் மாறியது. சிங்களத்தில் ஒரே சொல்லாக, நிறுத்தச் சொன்னார். டிரைவர் அண்ணன் கடைகளுக்கு முன்னால் ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் ஓடினார். நானும் இறங்கினேன். கதவு இடுக்கால் பார்த்தேன். சின்னம்மாவின் மூச்சு நின்றுகொண்டிருந்தது. மிஸ் இன்னொரு ஊசியைப் போட்டார். பிறகு டிரைவர் அண்ணன் இரண்டு கையாலும் முகமூடியை அவள் முகத்தோடு இறுக்கிப் பிடிக்க, மிஸ் அதோடு சேர்ந்த பையை எண்ணி எண்ணி அமுக்கினார். வீங்கிய முகத்தில் அது ஒருவர் கைக்கு நிற்காதாம், வண்டி வளைவுகளில் ஆடினால் அதுவும் முடியாதாம், அதனால்தான் நிறுத்தினார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் வண்டிக்கும் கடைக்கும் நடுவே போவதும் வருவதுமாக இருந்தேன். முன்கடைக்காரர் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு, சீனி கூடப் போட்ட ஒரு பிளேன்டீயைக் கொண்டுவந்து கையில் திணித்தார். குடித்தேன். அந்தச் சமயத்தில் ஒரு பஸ் எங்களைத் தாண்டிக் கொஸ்லந்தப் பக்கம் இறங்கிப் போனது.

பத்து நிமிடம் போல் நின்றிருப்போம். மூச்சு திரும்பி, சீராக இழுக்கத் தொடங்கியதும் வண்டி எடுத்தார்கள். தியத்தலாவையில் தயாராக நின்றார்கள். மிஸ் தான் செய்தது ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குச் செய்தார் என்று வாசித்து ஒப்படைத்தார். கடைசியாக, சின்னம்மாவின் கையில் கட்டியிருந்த முடிச்சை நர்சுக்குத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். அன்று பின்னேரமே பதுளைக்கு மாற்றினார்கள்.

சின்னம்மா பிழைத்தாள். ஆனால் லேசில் இல்லை. குளவி விஷம் சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது, பதுளையில் பல நாள் இயந்திரத்தோடு படுத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் முந்தி மருந்து போயிருந்தால் இவ்வளவு இழுத்திருக்காது என்று ஒரு டாக்டர் சொன்னாராம். அந்தச் சொல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் சனம் கொதித்துப்போனது. ஏன் பிந்தியது? ஆம்புலன்ஸ் பிந்தியது. குளவி கொட்டி ஒரு மணித்தியாலத்துக்குமேல் அவள் படியில் கிடந்ததை எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்களே! அதில் அவர்கள் பொய் சொல்லவில்லை. துண்டுக்காகக் காத்திருந்த நேரத்தை எங்கள் சனம் தாமதம் என்று எண்ணாது. அது மழைக்கு ஒதுங்கி நிற்கிற மாதிரி, யார்மேலும் குற்றம் இல்லாத நேரம். அதைக் கழித்தால் மிஞ்சுவது ஆம்புலன்ஸ்தான். போதாக்குறைக்கு, அன்று பஸ்ஸில் வந்த ஒருவர், பெரகலக் கடை வாசலில் ஆம்புலன்ஸ் நின்றதையும், அதில் வந்த ஆள் பக்கத்தில் நின்று ஆற அமரத் தேத்தண்ணி குடித்ததையும் கண்டதாகச் சொன்னார்.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என்னிடம் வந்தார். "ஐயா, ஒரு பெட்டிசம் எழுதணுங்க. நீங்க எழுதுனாத்தான் மேல எடுபடும்" என்றார். நான் எழுதினேன். ஆம்புலன்ஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேலானது என்று எழுதினேன். நோயாளி உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கையில் ஊழியர்கள் பெரகலச் சந்தியில் வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்தினர் என்று எழுதினேன். அந்தத் தேநீரைக் குடித்த வாயோடு உட்கார்ந்து அதை எழுதினேன். அந்த மனுவில் அறுபது பேருக்கு மேல் ஒப்பம் வைத்தார்கள். என் பெயர் அதில் இல்லை, நான் எழுதிக்கொடுத்தவன் மட்டும்தானே என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு. ஏன் செய்தேன் என்று கேட்டால், பயந்தேன். சனம் என்னைப் பார்த்து ஒரு தடவை 'நீங்கதானே' என்று சொல்லியிருந்தால், எனக்கு ஆபீஸும் இல்லை, லயமும் இல்லை. வெளியூர்க்காரர் இருவர்மேல் கோபம் போவது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார், ஆம்புலன்ஸ்காரர் இருவரையும் வரவழைத்திருந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் சனம் நிறைந்திருந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆபீஸிலிருந்து ஆள் கேட்டார்கள், மேனேஜர் துரை என்னை அனுப்பினார். மண்டபத்து வாசலில் டிரைவர் அண்ணன் என்னைக் கண்டு வந்து கையைப் பிடித்தார். சின்னம்மா எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார். வீட்டுக்கு வந்துவிட்டாள், இன்னும் நடமாட்டம் குறைவு என்றேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தம்பி, எனக்குப் பரவால்ல. எங்கயாச்சும் மாத்துவாங்க. அந்தப் புள்ளைக்கு இன்னும் வேல நிரந்தரமாகல. இது அதும் பேர்ல விழுந்துச்சுன்னா வீட்டுக்குத்தான் போகணும்." நானும் அங்கே இருந்தேன், எல்லாவற்றையும் பார்த்தேன், சொல்வேன் என்று நம்பித்தான் அவர் அப்படிச் சொன்னார். மனுவை எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாது.

அதிகாரி முதலில் நோயாளி என்ன சொல்கிறார் என்று கேட்டார். பக்கத்துக் காம்பரா அக்கா எழுந்தாள். "கேட்டேங்க. அவளுக்கு ஒண்ணும் ஞாபகமில்லையாம்" என்றாள். பிறகு மனு வாசிக்கப்பட்டது. அதன் பிறகு மிஸ் தன் படிவத்தை எடுத்தார். அழைப்பு வந்த நேரம் பதினொன்று இருபத்தைந்து, வந்து சேர்ந்த நேரம் பதினொன்று நாற்பத்தேழு. நான் தமிழில் சொன்னேன். "பொய்யி!" என்று பின்னால் சத்தம் வந்தது. மிஸ் தலை நிமிராமல் வாசித்துக்கொண்டே போனார். இரத்த அழுத்தம் இவ்வளவு. ஊசி இத்தனை மணிக்கு. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த வரியை அவர் சிங்களத்தில் வாசித்தார்: நோயாளிக்கு நினைவு தடுமாறுகிறது. மூன்று முறை பெயர் கேட்டபோதும் பெயரைச் சொல்லவில்லை. ஐந்நூற்றுப் பதினேழு என்ற எண்ணையே சொல்கிறார்.

அந்த வரியை நான் தமிழில் சொல்லவில்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். சனமும் பார்த்தது.

ஐந்நூற்றுப் பதினேழு சின்னம்மாவின் பதிவு நம்பர். அன்றைக்குத் துண்டு எழுதும்போது புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் நான் அவளிடம் கேட்டேன்: "நம்பர் என்ன?" உதடு தடித்துப்போன வாயால் அவள் சொன்னாள்: "அஞ்சூத்திப் பதினேழுங்கய்யா." ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாகவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆம்புலன்ஸில் மூச்சு அடைக்கிறபோதும் அவள் அந்தப் பதிலைத்தான் விடாமல் சொல்லிக்கொண்டு போயிருக்கிறாள், எங்கே தன்னை இறக்கிவிட்டுவிடுவார்களோ என்று.

"நினைவு தடுமாறலைங்க" என்று நான் முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் சொன்னேன். "அது அவங்க நம்பர். நான்தான் கேட்டேன்." அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பத்தே முக்காலுக்குக் கொண்டுவந்தார்கள், பதினொன்று இருபத்தைந்துக்குத்தான் போன் பண்ணினேன், நடுவில் துண்டுக்கு ஒப்பம் வாங்கப் போனேன் என்றேன். பெரகலையில் தேத்தண்ணி குடித்த ஆள் நான் என்றேன். மனுவை எழுதியதும் நான் என்றேன். எல்லாவற்றையும் இரண்டு மொழியிலும் சொல்லவேண்டியிருந்தது, மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை.

மண்டபத்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு பெரியவர் மட்டும், "துண்டு எழுதத்தானே வேணும், ஐயா மேல என்ன குத்தம்?" என்று உண்மையாகவே புரியாமல் கேட்டார். அது எனக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. மிஸ் என்ன செய்தார் தெரியுமா? தன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று என்னைப் பார்க்கவில்லை, இப்படியா எழுதினாய் என்றும் பார்க்கவில்லை. படிவத்தை மேசையில் வைத்து, 'நினைவு தடுமாறுகிறது' என்ற சொற்களை ஒரே கோட்டால் வெட்டி, பக்கத்தில் 'நினைவு தெளிவு' என்று எழுதி, தன் ஒப்பத்தை வைத்து, அதிகாரியிடம் நீட்டினார். "நான் எழுதினது பிழை சேர்" என்றார். அந்த மண்டபத்தில் அன்றைக்குத் தன் பிழையை யாரும் கேட்காமல் திருத்தியவர் அவர் ஒருவர்தான்.

துரை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். சரியாகத்தான் எழுதியிருந்தார், நானாக இருந்தால் இன்னும் காரமாக எழுதியிருப்பேன். அவசரத்துக்குத் துண்டு தேவையில்லை என்று ஆபீஸ் வாசலில் அறிவித்தல் போட்டார்கள். அதற்குப் பிறகும் ஆறேழு மாதம் சனம் துண்டு கேட்டு வந்துகொண்டுதான் இருந்தது, நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே அவர்களை உட்காரச் சொல்வேன். இரண்டாவது கடிதத்தை எழுதுவது கஷ்டமாக இருந்ததற்குக் காரணம், பாராட்டுக்கென்று இருக்கிற அலங்காரச் சொற்கள் ஒன்றும் அந்த இருவருக்கும் பொருந்தவில்லை. கடைசியில் நடந்ததை மட்டும் எழுதினேன். குளவி, நூல், முடிச்சு, முகமூடியைப் பிடித்த கை, அமுக்கிய கை. என் நாற்பது நிமிடத்தையும் எழுதினேன். மேடையில் வாசிக்கும்போது அந்தப் பகுதியை நாகரிகமாக விட்டுவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்துக்குச் சின்னம்மாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். நானும் அவளும் பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். மண்டபத்தில் மிஸ் அவளைக் கண்டதும் எழுந்து வந்து, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே கேட்டார்: "அம்மா, பேர் என்ன? பேர் சொல்லுங்க." சின்னம்மா தன் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரையும் சேர்த்து, முழுசாகச் சொன்னாள். மிஸ் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், உச்சரிப்பு சரியாக வரவில்லை, சின்னம்மா திருத்தினாள், மறுபடி சொன்னார். டிரைவர் அண்ணன் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் சன்னலோரம் அவள், பக்கத்தில் நான். அப்புத்தளை தாண்டிய பிறகு நான் கேட்டேன்.

"சின்னம்மா, ஒனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகமில்லைன்னு சொல்லியனுப்பினியே?"

"ஞாபகம் இருக்குன்னா ஒம்பேரைத்தானே சொல்லணும்" என்றாள். சன்னலைப் பார்த்தபடிதான் சொன்னாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே, மறைத்து வைப்பதற்கு இனி ஒன்றும் இல்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"கொளவி கொட்டுனப்பக்கூட எனக்குப் பயமில்லடா. எம்பையன் இருக்கான், பாத்துக்குவான்னு நெனச்சுத்தான் வந்தேன். நீ குனிஞ்சுக்கிட்டே நம்பரு என்னன்னு கேட்டியே, அப்பதான் பயந்துட்டேன்."